ஒஃபேலியா சிங்கின் மிச்சப் பாதி

"மொதல்ல நான் யாருன்னு நீங்களே கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அப்புறமா எனக்குப் போன் பண்ணுங்க."

ஒஃபேலியா சிங் இதைத் தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சொல்வாள். போன் வராத நாளில் புருஷன் ரூபெனிடம் சொல்வாள். ரூபென் பஸ் பணிமனைக்குப் போய்விட்டால் நாயிடம் சொல்வாள். நாய்க்கு அது மனப்பாடம்.

போனில் எதிர்ப்பக்கம் இருப்பது டார்லீன். லாஸ் ஏஞ்சலஸில் சினிமாக்காரர்களுக்குத் துணை நடிகர்களைப் பிடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு.

"ஓபி, நாளைக்கு வந்துடு. ஈராக்குக்காரி வேஷம்."

"போன வாரம் கிரீஸுக்காரின்னே."

"அது போன வாரம். இப்ப ஈராக்கு. பையன் குண்டுவெடிப்புல செத்துட்டான். நீ நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழணும்."

"எத்தனை பையனைத்தான் நான் சாகக் குடுக்கிறது டார்லீன்? பெத்தது ஒண்ணு. அது சாக்ரமெண்டோல குத்துக்கல்லாட்டம் இருக்கு."

வாரக் கடைசியில் பக்கோய்மா சந்தையில் ஊறுகாய் விற்பாள். மற்ற நாளில் சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பாள். அவள் துணி அலமாரியைத் திறந்தால் ஏதோ உலக மாநாடு பாதியில் கலைந்த மாதிரி இருக்கும். கறுப்பு முக்காடு நான்கு, புடவை இரண்டு, மெக்சிகோப் போர்வை ஒன்று, எந்த நாட்டுக்கு என்றே தெரியாத பூப்போட்ட கவுன்கள். முகம் ஒன்றுதான். அதை வைத்து உலகத்தில் பாதி நாட்டை ஒப்பேற்றிவிட்டார்கள்.

உள்ளதைச் சொன்னால் விஷயம் சின்னது. நூறு வருஷத்துக்கு முன்னால் பஞ்சாபிலிருந்து கொஞ்சம் ஆண்கள் கலிபோர்னியாவின் தெற்கு மூலைக்கு, மெக்சிகோ எல்லையோரத்து வெயில் காட்டுக்கு, பருத்தியும் முலாம்பழமும் போட வந்தார்கள். ஊரிலிருந்து பெண்களை அழைத்துவரச் சட்டம் விடவில்லை. வெள்ளைக்காரியைக் கட்டவும் சட்டம் விடவில்லை. கூடவே பருத்தி எடுத்த மெக்சிகோப் பெண்களைக் கட்டினார்கள். கல்யாணத்தைப் பதிந்த குமாஸ்தா ஜோடியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நிறம் ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்தான். ஒஃபேலியாவின் தாத்தா அப்படிக் கட்டியவர்தான். அவர் பையன் ரஃபேல் சிங், ஒஃபேலியாவின் அப்பா, அவரும் ஒரு மெக்சிகோப் பெண்ணையே கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில், மத்தியானம் கோழிக் குழம்போடு பீன்ஸ் மசியல், தொட்டுக்கொள்ள மெக்சிகோ மிளகாயில் போட்ட பஞ்சாபி ஊறுகாய். அவள் பிறந்து வளர்ந்த ஹோல்ட்வில்லில் யாருக்கும் இதில் ஒரு குழப்பமும் இல்லை. அவள் கல்யாணமாகி லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தபிறகுதான் ஆளாளுக்குத் தலையைச் சொறிய ஆரம்பித்தார்கள்.

அதில் பெரிய தலைவலி 'புகை மூட்டம்' என்ற படத்தால் வந்தது.

கஞ்சாவை இழுத்துவிட்டு இரண்டு பையன்கள் ஊர் சுற்றுகிற படம். ஒருவன் மோட்டல் நடத்தும் குஜராத்தி வீட்டுப் பையன், இன்னொருவன் பிலிப்பினோ நர்ஸின் பையன். கடன் வாங்கிய ஐஸ்கிரீம் வண்டியைப் போதையில் எங்கேயோ விட்டுவிட்டுத் தேடுவார்கள். போகிற வழியெல்லாம் கறுப்பரை, வெள்ளையரை, சீனரை, யூதரை, தங்களையும் சேர்த்து, ஒருத்தர் பாக்கியில்லாமல் கிண்டல். ஒஃபேலியாவுக்கு அதில் மோட்டல் அறை துடைக்கும் மெக்சிகோக்காரி வேஷம். பையன்கள் ஒளித்துவைத்த கஞ்சா கேக்கை அவள் தெரியாமல் தின்றுவிட்டு, தரையைத் துப்புரவு செய்யும் மெஷினைப் பாவமாகப் பார்த்து, மிச்சக் கேக்கை அதற்கு ஊட்டிவிட்டுச் சொல்வாள்: "பாவம், இதுக்கும் பசிக்குது."

அவ்வளவுதான். ஒரு வரி. தியேட்டரே விழுந்து புரண்டு சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருப்பாள், பின்னாலிருந்து ஒருவன், "அம்மா, இதுக்கும் பசிக்குது!" என்று கத்துவான். ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்து முடித்தபின் இளம் பாதிரியார் தட்டிக்குப் பின்னாலிருந்து, "அந்த வசனத்தை ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன்" என்று கெஞ்சினார். அந்தக் கோயிலையே மாற்றிவிட்டாள்.

வசனத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பேர்தான் பொறுக்கவில்லை. படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் 'வேலைக்காரி எண் 2: ஒஃபேலியா பர்ரகான்' என்று போட்டிருந்தார்கள். பர்ரகான் ரூபெனின் குடும்பப் பேர். மெக்சிகோ வேலைக்காரிக்குப் பக்கத்தில் சிங் என்று வந்தால் பார்க்கிறவர்கள் ஏதோ தப்பு என்று நினைப்பார்கள் என்று அவர்களாகவே மாற்றிவிட்டார்கள்.

அவள் அப்பா அன்றைக்குத் தியேட்டரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முலாம்பழக் காட்டில் எழுபது வயசுவரை நின்ற மனிதர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"பர்ரகானா? அது உன் புருஷன் பேராச்சே. அவனா நடிச்சான்?"

"நான் நடிக்கலை மாமா," என்றார் ரூபென்.

"அப்புறம் எதுக்குடா உன் பேரு?"

ரூபென் பாவம், பாப்கார்ன் டப்பாவுக்குள் பார்த்தார்.

"எங்கப்பா சிங்குங்கற பேரை வச்சுக்கிட்டு இந்த ஊர்ல நிலம் வாங்க முடியலை. நான் இந்தப் பேரை வச்சுக்கிட்டுப் பட்ட பாடு உனக்குத் தெரியும். சினிமாலயாவது ஒரு தடவை எழுதிப் போடக்கூடாதா?" என்று கிழவர் எழுந்து நடந்தார்.

ஒன்பது வருஷம் கழித்து இரண்டாம் பாகம் எடுக்கக் கிளம்பினார்கள். அதற்குள் ரஃபேல் சிங்குக்குக் கண் கெட்டுவிட்டது. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. ஓரக்கண்ணில்தான் பார்வை. ஆளைப் பார்க்க வேண்டுமானால் சேவல் மாதிரி தலையைத் திருப்பிக்கொள்வார். அந்த ஓரமும் கொஞ்ச காலம்தான் என்று டாக்டர் சொல்லியாயிற்று.

டார்லீன் கூப்பிட்டாள். "ஓபி, நின்னுட்டு இருந்தா உக்காரு. குஜராத்திப் பையனோட அம்மா வேஷம். பெரிய வேஷம், பக்கம் பக்கமா வசனம். டைரக்டர் உன் பேரைப் பார்த்துட்டு, ஏம்ப்பா இவங்க சிங்காமேன்னு கேட்டாரு."

ஒஃபேலியா அன்றைக்கு முதல் தடவையாகத் தன் புகாரைச் சொல்லவில்லை. நேரே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"பப்பா, சிங்னே போடுறாங்க."

"எப்ப வருது?"

"அடுத்த வருஷம்."

"சீக்கிரம் எடுக்கச் சொல்லு. கண்ணு காத்துக்கிட்டு இருக்காது."

ஆனால் இந்த ஒன்பது வருஷத்தில் ஊரே மாறியிருந்தது. முதல் பாகத்தின் கிண்டலையெல்லாம் இப்போது பார்த்தவர்கள், ஐயோ இப்படியா எடுத்தார்கள் என்று திட்டித் தீர்த்திருந்தார்கள். அதனால் யார் மனசும் நோகாமல் எப்படிக் கிண்டல் செய்வது என்று சொல்லித்தரவே சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். பேர் பேஜ். ஒல்லியாக, மெதுவாக, ஆஸ்பத்திரியில் கெட்ட செய்தி சொல்கிறவள் மாதிரி பேசுவாள்.

"உங்க இந்தியத்தன்மையைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்," என்றாள்.

"என் பேரு சிங்."

"ஆனா முதல் படத்துல மெக்சிகோப் பெண்ணா வந்தீங்க."

"எங்கம்மா மெக்சிகோக்காரி. பாட்டியும்தான்."

"ஓ. அப்ப நீங்க மெக்சிகோ."

"எங்கப்பா சிங்."

"அப்ப இந்தியா."

"எங்கப்பா பொறந்தது ஹோல்ட்வில்."

பேஜ் தன் தாளில் எழுதியதை அடித்தாள். "இந்தியாவுக்குப் போயிருக்கீங்களா?"

"இல்லை."

"மெக்சிகோவுக்கு?"

"பல்லு பிடுங்கப் போவேன். அங்க சல்லிசு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டைரக்டர் பையன் சிரித்துவிட்டு, பேஜ் திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான்.

"பாருங்க," என்றாள் பேஜ். "நீங்க இந்திய அம்மாவா வந்தா இந்தியர்கள் மனசு புண்படலாம். முழு இந்தியர் இல்லைன்னு சொல்லுவாங்க. பழையபடி வசனம் பேசற வேலைக்காரியா வந்தா மெக்சிகோக்காரங்க மனசு புண்படும்."

"என் மனசு?"

"அது ரொம்ப முக்கியம்," என்று சொல்லிவிட்டு பேஜ் அடுத்த விஷயத்துக்குப் போனாள்.

அம்மா வேஷத்தை, இந்தியர்கள் நிறைந்த ஆர்ட்டீசியாவில் வரிக்கணக்குப் பார்க்கும் ஒரு குஜராத்தி அம்மாளுக்குக் கொடுத்தார்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் ஒரு குறை சொல்ல முடியாது. நடிக்கத்தான் வராது.

ஒஃபேலியாவுக்கும் ஒன்று வைத்திருந்தார்கள். அதே வேலைக்காரி வேஷம். பழைய ரசிகர்கள் அடையாளம் கண்டு கைதட்டுவார்கள் அல்லவா? ஆனால் வசனம் கிடையாது. மெக்சிகோக்காரியைப் பேசவைத்துச் சிரிப்பது மரியாதை இல்லையாம். அதனால் சும்மா நிற்க வேண்டும்.

"மரியாதை குடுக்கணும்னு வாயை அடைச்சுட்டாங்களா?" என்றாள் டார்லீனிடம்.

"அப்படித்தான் வச்சுக்கயேன். ஓபி, கேளு. வாயைத் திறந்தா நீ நடிகை. ஒப்பந்தம் போடணும், பேரு போடணும், அது நடிகர் சங்கத்துச் சட்டம். வாயை மூடினா நீ மேஜை நாற்காலி மாதிரி. மேஜைக்கு யாரு பேரு போடறா? ஆகக்கூடி பேரு வராது. வேணாம்னா விட்டுடு."

விட்டுவிடத்தான் நினைத்தாள். அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன். "என்னம்மா, வசனமெல்லாம் படிச்சுட்டியா?"

"படிக்கிறேன் பப்பா," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்துவிட்டு ரூபென் மேல் பாய்ந்தாள். "என்ன பார்க்கிற? பொய்தான் சொன்னேன். போய் நாய்க்குச் சோறு வை."

"வச்சாச்சு."

"இன்னொரு தடவை வை."

படப்பிடிப்பு சில்மார் பக்கத்தில் ஒரு பழைய மோட்டலில் நடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. கஞ்சாவுக்குப் பதிலாக ஏதோ மூலிகைத் தழையைச் சுருட்டிக் கொளுத்தி, முற்றம் முழுக்க ஒரே புகை. ஒஃபேலியாவுக்குத் தலைவலி உச்சிக்கு ஏறியது. தெருவுக்கு நாலு கடையில் நிஜக் கஞ்சாவைச் சட்டப்படி விற்கிற ஊரில், பொய்க் கஞ்சாவால் ஒருத்திக்கு மண்டை வெடிக்க வேண்டுமா?

காட்சி இதுதான். உள்ளே அறையில் அம்மா அழுகிறாள். குஜராத்திப் பையன் போலீசுக்குப் பயந்து வெளியே ஓடி வருகிறான். எதிரில் வேலைக்காரி. மெக்சிகோக்காரி ஆயிற்றே என்று அரைகுறை ஸ்பானிஷில் வழி கேட்கிறான். அவள் பேசாமல் முறைக்கிறாள். அவன் வெட்கப்படுகிறான். அவன் அறியாமையைப் பார்த்து ஜனங்கள் சிரிக்க வேண்டும், அவளைப் பார்த்து இல்லை. பேஜ் இதைத் திரும்பத் திரும்ப விளக்கினாள்.

பையனாக நடித்த கேவன் பரீக் நல்ல பிள்ளைதான். மத்தியானச் சாப்பாட்டில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஆன்ட்டி, ஒன்பது வருஷமா எங்க போனாலும், மோட்டல்ல ரூம் இருக்கான்னு கேக்கறானுங்க."

"என்கிட்ட மெஷினுக்குப் பசிக்குதான்னு கேக்கறானுங்க. என்னை ஆன்ட்டின்னு கூப்பிடாதே."

"எங்க வீட்ல எல்லாரையும் அப்படித்தான்."

"எங்க வீட்ல அது கிடையாது." சொல்லிவிட்டு, தன் டப்பாவிலிருந்து ரொட்டியும் ஊறுகாயும் அவன் தட்டில் தள்ளினாள். அவன் ஒரு கடி கடித்துவிட்டு நிறுத்தினான். அவளைப் பார்த்தான். ஊறுகாயைப் பார்த்தான். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் வரை அந்த ஒரே காட்சி. உள்ளே வரிக்கணக்கு அம்மாள் அழ வேண்டிய இடத்திலெல்லாம் கொட்டாவி விடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள். திரும்ப, திரும்ப, திரும்ப. ஒவ்வொரு தடவையும் கேவன் ஓடி வந்து புதுசாக ஏதாவது உளறினான். ஒஃபேலியா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு மேஜை நாற்காலி மாதிரி நின்றாள். கால் வீங்கிவிட்டது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. டைரக்டர் பையன், "இதான் கடைசி" என்றான். அவன் அதைச் சொல்லியே ரொம்ப நேரம் ஆயிற்று.

கேவன் ஓடி வந்தான். கண்ணெல்லாம் செக்கச் சிவப்பு, மேக்கப் பாதி, புகை பாதி.

"அம்மா... போலீஸ்... எங்கே... போனது? நான்... நல்ல... துடைப்பம்."

அவ்வளவுதான், அவளுக்குத் தாங்கவில்லை. பேர், வேஷம் எதுவும் அப்போது அவள் நினைப்பில் இல்லை. தலைவலியும் கால்வலியும், உள்ளே அந்த அம்மாளின் கொட்டாவி அழுகையும்தான் இருந்தன. அவள் அப்பா வேலைக்கு நேரம் கழித்து வருகிற பையன்களை முலாம்பழக் காட்டில் எந்தப் பஞ்சாபியில் வைவாரோ, அதே பஞ்சாபி தொண்டையிலிருந்து கிளம்பியது.

"அடக் கழுதைக்குப் பொறந்தவனே! உள்ள பெத்தவ அழுதுக்கிட்டு இருக்கா, நீ இங்க வந்து துடைப்பத்துக்கிட்ட வழி கேக்கறியா? மூஞ்சியைப் பாரு, வேகவச்ச தக்காளி மாதிரி! போ, போய்க் கழுவு!"

கேவன் வீட்டில் குஜராத்திதான். ஆனாலும் வசவு எந்த பாஷையில் வந்தாலும் புரிகிற வயசு அவனுக்கு. வாய் பிளந்துவிட்டது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவன் தன்னை மறந்து நிஜமாகவே கேட்டான்.

"நீங்க... இந்தியாக்காரங்களா?"

"பாதி," என்றாள் ஒஃபேலியா. "மிச்சப் பாதிக்கும் உன்னைப் பிடிக்கலை."

முதலில் விளக்குப் பிடித்தவன் சிரித்தான். டைரக்டர் பையன் நாற்காலியிலிருந்து சரிந்தான். உள்ளே வரிக்கணக்கு அம்மாள்கூடக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "இதை நான் என் பையன்கிட்ட சொல்லணும்" என்றாள்.

பேஜ் மட்டும் சிரிக்கவில்லை. "இதை வைக்க முடியாது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்னே தெளிவா இல்லையே."

"என்னை," என்றான் கேவன். "என்னைப் பார்த்துத்தான். இத்தனை வருஷத்துல இந்தப் படத்துல நான் கேட்ட முதல் நல்ல ஜோக் இது. வைங்க."

வைப்பதென்றால் அவள் கையெழுத்து வேண்டும். வாயைத் திறந்தவள் நடிகை. மறுநாள் தயாரிப்பு ஆபீசில் உட்காரவைத்து, ஒஃபேலியா பர்ரகான் என்று தயாராக அடித்த தாளை நீட்டினார்கள்.

"சிங்," என்றாள்.

"முதல் பாகத்துல பர்ரகான்னு இருக்கே," என்றாள் பேஜ். "அதே வேலைக்காரி. பேரு மாறினா ஜனங்க தப்பா போட்டுட்டோம்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும். ஒன்பது வருஷமா தப்பைச் சரின்னு நினைச்சாங்க இல்லை?"

"வேணும்னா வேலைக்காரிக்கு ஒரு பேரு வைக்கலாமே. கௌரவமா இருக்கும்."

"அவளுக்கு என்ன பேரு வேணா வைங்க. எனக்கு எங்கப்பன் வச்சிருக்கான். அதைப் போட்டாத்தான் பேனாவைத் தொடுவேன்." பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். வேறு தாள் அடித்துக்கொண்டு வரும்வரை அசையவில்லை. வந்ததும் இரண்டு தடவை படித்தாள், அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வருஷம் படம் அப்பாவின் ஊருக்குப் பக்கத்து எல் சென்ட்ரோ தியேட்டருக்கு வந்தது. ரஃபேல் சிங்குக்கு ஓரக்கண்ணிலும் ஓரம்தான் மிச்சம். நடுவில் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்து வலது கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். படம் முழுக்க முகத்தை வாசல் பக்கம் திருப்பியே வைத்திருந்தார். பார்த்தவர்கள் கிழவர் கோபித்துக்கொண்டார் போல என்று நினைத்திருப்பார்கள். ஒஃபேலியாவின் வசனம் வந்ததும் தியேட்டர் அதிர்ந்தது. அவர் சிரிக்கவில்லை. "இது நான் திட்டறதாச்சே" என்றார்.

"ஆமாம் பப்பா."

"அரைகுறையா திட்டறே."

படம் முடிந்தது. ஜனங்கள் எழுந்தார்கள். தொப்பி போட்ட ஒருவன் வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டு ஜாக்கெட்டைத் தேட, ரூபென் எழுந்து போய், "தம்பி, கொஞ்சம் குனி" என்று தோளைப் பிடித்து அழுத்தினார். பேர்கள் மேலேறிக்கொண்டே இருந்தன. தச்சர்கள், டிரைவர்கள், சாப்பாடு கொண்டுவந்தவர்கள். ஒஃபேலியா நாற்காலி நுனிக்கு வந்தாள். கடைசி நேரத்தில் மாற்றியிருந்தால்? அப்பாவின் கண்ணுக்கு இன்னொரு படம் இல்லை.

வந்தது. 'வேலைக்காரி எண் 2: ஒஃபேலியா சிங்.'

கிழவர் கழுத்தை நீட்டி, தலையை இன்னும் கொஞ்சம் திருப்பி, அது மேலே போய் மறையும்வரை ஓரக்கண்ணாலேயே கூடப் போனார். அப்புறம் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"சரி," என்றார். "இந்த எண் ஒண்ணு யாரு?"

"தெரியாது பப்பா. ரெண்டு படத்துலயும் எண் ஒண்ணு வரவே இல்லை."

"அப்ப உன்னை எதுக்கு ரெண்டாவதா போட்டான்? வா, மேனேஜரைப் பார்க்கணும்."

அவரைக் காரில் ஏற்ற அரும்பாடுபட்டார்கள்.

இப்போது கடைத்தெருவில் மெஷினுக்குப் பசிக்குது என்று யாரும் கத்துவதில்லை. "மிச்சப் பாதிக்கும் என்னைப் பிடிக்கலையா?" என்று கத்துகிறார்கள். டார்லீன் நேற்றுக்கூடக் கூப்பிட்டாள். துருக்கிக்காரி வேஷமாம், பையன் கப்பலில் செத்துவிட்டானாம். ஒஃபேலியா தன் பழைய புகாரை முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பக்கோய்மா சந்தைக்குப் போய் அவளைப் பாருங்கள். பழைய டயர் விற்கிறவனுக்கு அடுத்த கடை. இப்போது மகள் வீட்டோடு வந்துவிட்ட அப்பாவும் ஒரு மடக்கு நாற்காலியில் தெருவுக்கு ஓரமாகத் திரும்பி உட்கார்ந்திருப்பார். ஊறுகாய் வாங்குங்கள், காரம் அதிகம், பார்த்துத் தொட்டுக்கொள்ளுங்கள். எந்த நாடு என்று கேட்காதீர்கள். வசனத்தைச் சொல்லச் சொல்லிப் பிராணனை வாங்காதீர்கள். பேரைக் கேளுங்கள், அது போதும். அவள் வாயைத் திறக்குமுன் கிழவரே சொல்லிவிடுவார்.